அழிக்கக் கூடாத ஃபோல்டர்

"எதை வேணா அழிங்க தம்பி. அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் தொடாதீங்க," என்றார் ஸ்டியரிங் அக்கா.

மாப்பிள்ளை லேப்டாப்பிலிருந்து தலையை நிமிர்த்தினான்.

மாமனாரின் டிரைவிங் ஸ்கூல் அது; அக்கா அங்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சி கார் ஒவ்வொன்றிலும் கேமரா உண்டு. எங்கே தடுமாறினோம் என்று அன்றைக்கே போட்டுப் பார்த்தால் சீக்கிரம் கற்றுக்கொள்ளலாம் என்பது மாமனாரின் யோசனை. யோசனை நல்லதுதான். ஆனால் வருஷக்கணக்கான வீடியோ கிளவுடில் குவிந்து, அதற்குக் கட்டும் வாடகை அவர் தூக்கத்தைக் கெடுக்க ஆரம்பித்துவிட்டது. கம்ப்யூட்டர் படித்த மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

"பக்கெட் நிரம்பி வழியுது மாமா."

"மேகத்துல பக்கெட்டா? மழைத்தண்ணி பிடிக்கவா?"

"சேமிக்கிற இடத்துக்கு அப்படி ஒரு பேரு மாமா. ஒரு விதி எழுதிட்டா போதும். லைசென்ஸ் வாங்கி மூணு மாசம் ஆனவங்க வீடியோ தானா அழிஞ்சிடும். பால் பாக்கெட்டுல தேதி போடற மாதிரி."

"விபத்து, கேஸுன்னு ஏதாவது வந்தா?"

"அதை மட்டும் யாருமே அழிக்க முடியாதபடி பூட்டி வெச்சிடலாம்."

மாமனாருக்குப் பரம திருப்தி. வேலை மளமளவென்று நடந்தது. 'அழிக்கக் கூடாது' என்ற ஃபோல்டரில் வந்துதான் நின்றது.

"அதுல என்னக்கா இருக்கு? விபத்து ஏதாவதா?"

"சேச்சே. சும்மா முட்டினது, மோதினதுதான்."

"இன்னும் லைசென்ஸ் வாங்கலையா?"

"அதெல்லாம் எப்பவோ வாங்கியாச்சு."

"அப்புறம் எதுக்கு வெச்சிருக்கீங்க?"

"சிரிக்கறதுக்கு," என்று சொல்லிவிட்டு, கார் சாவியை விரலில் சுழற்றியபடி அக்கா போயே போய்விட்டார்.

மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. மத்தியானம் வெளியே அக்காவும் புதிதாகக் கற்றுக்கொள்ளச் சேர்ந்த ஒரு டெய்லரும் போனில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தது காதில் கேட்டபோது, சுருக்கென்றது எரிச்சலாகவே மாறிவிட்டது.

"பாருங்க, கம்பம் பாட்டுக்கு நிக்குது. வண்டிதான் தேடிப் போய் முத்தம் குடுக்குது." அக்காவின் குரல்.

அவனும் ஒரு காலத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனவன்தான். சொல்லிக் கொடுத்தவர் நாலு பேர் முன்னால் கேலி செய்ய, அன்றோடு தலைமுழுகிவிட்டான். இன்றைக்கும் பஸ்தான்.

நேரே மாமனாரிடம் போனான்.

"ஊரார் மானத்தைப் பொட்டலம் கட்டி வெச்சிருக்காங்க மாமா."

"அவங்க கைராசிக்காரங்க மாப்பிள்ளை. பாதியில பயந்து ஓடினவங்களைக்கூட ஓட்ட வெச்சிருக்காங்க."

"கைராசி இருந்தா அடுத்தவங்க தடுமாறறதைப் படம் காட்டலாமா?"

மாமனார் காதைச் சொறிந்தார். "நீங்க சொன்னா சரிதான்."

அந்த ஃபோல்டரையும் விதிக்குள் சேர்த்தான். திறந்துகூடப் பார்க்கவில்லை, பார்ப்பதும் அதே பாவம்தானே. நாளைக்கு விதி வேலையைத் தொடங்கினால் எல்லாம் போய்விடும். ஏதோ ஒரு கூட்டத்தையே காப்பாற்றிய நிம்மதியோடு வீட்டுக்குப் போனான்.

அங்கே மனைவி பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஆச்சரியமாக இருந்தது. அவளும் அக்காவிடம்தான் கற்றுக்கொள்கிறாள். நேற்று நடுச் சந்திப்பில் வண்டி நின்றுபோய், பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தே அழவைத்திருந்தார்கள். இனி அந்தத் திசைக்கே கும்பிடு என்றிருந்தாள்.

"இன்னிக்கு அதே சந்திப்புல வண்டியைத் திருப்பினேங்க."

"நேத்து கும்பிடு போட்டியே?"

"அக்கா ஒரு வீடியோ காட்டினாங்க. வயிறு வலிக்கச் சிரிச்சேன். சிரிச்சு முடிச்சுப் பாத்தா பயத்தைக் காணோம்."

அவன் முகம் சுண்டியது. "நீயுமா? நாளைக்கு உன் வீடியோவைக் காட்டி இன்னொருத்தரைச் சிரிக்க வைப்பாங்க, அப்பத் தெரியும்."

அவள் அவனையே பார்த்தாள். "நீங்க அதைப் பாத்தீங்களா?"

"பாக்கல. அது நாகரிகம் இல்ல."

"முதல்ல பாருங்க. அப்புறம் பேசுங்க."

வேண்டாவெறுப்பாக லேப்டாப்பில் அந்த ஃபோல்டரைத் திறந்தான். கார் ஒரு கம்பத்தை நோக்கி ஆசையாகப் போனது. அடுத்ததில் பின்னால் போக வேண்டியது முன்னால் போய்ப் பூந்தொட்டியைச் சாய்த்தது. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ளத்தான் பார்த்தான், உதடு ஒத்துழைக்கவில்லை. பிறகு ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து ஓர் அழுகை. அந்த முகம் நிமிர்ந்தபோது இவன் சிரிப்பு நின்றது.

அப்போதே விதியை மாற்றி எழுதினான்.

மறுநாள் காலை மாமனார் வந்தபோது, மாப்பிள்ளை பயிற்சி காரின் டிரைவர் சீட்டில், அக்காவுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். சீட் பெல்ட்டை இரண்டாம் முறையாகச் சரிபார்த்தான்.

"என்ன மாப்பிள்ளை, நீங்களுமா?"

"ஆமா மாமா. கத்துக்கலாம்னு."

"அந்த ஃபோல்டர் அழிஞ்சிடுச்சா?"

"இல்ல மாமா. அதுக்கு மட்டும் காலாவதியே கிடையாது. பூட்டிட்டேன்."

"ஊரார் மானம்னு நேத்து அந்தக் குதி குதிச்சீங்களே?"

"அதுல ஊரார் யாருமே இல்ல மாமா. கம்பத்துல மோதறது, தொட்டியைச் சாய்க்கறது, அழறது எல்லாமே அக்காதான். நம்மகிட்ட ஓட்டக் கத்துக்க வந்தப்ப எடுத்தது."