வகுபடாத மாப்பிள்ளை

புதுவயல் ஆலைக்காரர் வீட்டு வாசலில் கார் ஹாரன் அலறியது. பெண் பார்க்க மகனோடு இறங்கினாள் அக்கம்மாள்.

கணக்குப் பேராசிரியர் சிவபிரகாஷ், போகிற வீட்டிலெல்லாம் ஒரு பூதாகரமான எண்ணை எழுதி நீட்டி, "இதை எது வகுக்கும்?" என்பான். பெண் விழிப்பாள், சம்பந்தம் முறியும். இதுவும் தவறினால் மகன் கட்டைப் பிரம்மச்சாரிதான்.

இங்கேயும் நீட்டினான்: 1000000016000000063.

பெண் தீபலட்சுமி காபித் தட்டை வைத்துவிட்டுச் சொன்னாள்: "நூறு கோடியே ஏழு. இல்லாட்டி, நூறு கோடியே ஒன்பது."

"சரிதான்" என்றான் சிவபிரகாஷ்.

"இவதாம்டா என் மருமக" என்று அக்கம்மாள் அங்கேயே பூ வைத்துவிட்டாள்.

தனியாகப் பேசப் போனவர்களைச் சாப்பிடக் கூப்பிட வந்த அக்கம்மாள், கதவருகே நின்றாள். உள்ளே தீபலட்சுமியின் குரல்.

"மத்த பொண்ணுகளுக்கெல்லாம் எதாலயும் வகுபடாத எண்ணாக் குடுத்துக் கழிச்சு விட்டீகளே, நேத்து போன்ல எனக்குச் சொன்னதையும் மாத்திருவீகளோன்னு பயந்தே போனேன்."