இன்றைய தேதி

கீமோ மருந்து ஏற்ற ஜெபினின் நெஞ்சில் சென்னையில் ஒரு குழாய் வைத்திருந்தார்கள். அதன்மேல் ஒட்டிய பிளாஸ்திரியை வாரந்தோறும் மாற்றி, மாற்றிய தேதியை அதிலேயே எழுத வேண்டும். செஞ்சிக்கு வந்த பிறகும் அம்மா எலிசபெத் அதை ஒழுங்காகத்தான் செய்துவந்தாள். கடலைக்காட்டில் மல்லாட்டை பிடுங்கிவிட்டு வந்த ஒருநாள் மட்டும், அலுப்பில், பழைய பிளாஸ்திரியிலேயே தேதியைத் துடைத்துப் புதிதாக எழுதிவிட்டாள்.

குழாயில் கிருமி ஏறியது. குளிர்காய்ச்சலில் பிள்ளைக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது.

"பிளாஸ்திரி மாத்துனீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"மாத்திட்டேன் சார்" என்றாள், பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல்.

குழாயை எடுத்துவிட்டார்கள். ஜெபின் பிழைத்துக்கொண்டான்.

குழாய் இருந்த புண் ஆறித் தழும்பாகிப் பல மாதங்களுக்குப் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் புறப்பட மகனைக் குளிப்பாட்டிய மரியசெல்வம் மனைவியைக் கூப்பிட்டான்.

"இன்னாடி, புள்ள நெஞ்சுல தேதி எழுதி வச்சிருக்கற?"

எலிசபெத் வந்து பார்த்தாள். தழும்பின்மேல், நீல மையில், அவளுடைய கையெழுத்தில், இன்றைய தேதி. சோப்பு நுரை வழிந்தும் அது கலையவில்லை. அவள் தொட்டதும் மை ஈரமாக ஒட்டிக்கொண்டது. அந்த விரலை முந்தானைக்குள் மறைத்தாள்.

"அம்மா தெனமும் தேதிய மாத்திடும் நைனா" என்றான் ஜெபின்.