சிவப்புக் குறி

"தங்கச்சிகிட்ட ஒரு நிமிசம் பேசணும் மேடம். அம்மா மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடக்கு."

ஹெட்செட்டில் அந்த ஆள் அழுதான்.

ஆஃப்ரின் கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினாள். முத்துப்பேச்சி, தையல் பிரிவு. பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் குறி. யார் கேட்டாலும் லைன் கொடுக்கக் கூடாது என்று அர்த்தம்.

பெருமாநல்லூரில் இருக்கும் அந்தப் பனியன் கம்பெனியின் ஆபீசுக்கு அவள் வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. தொழிலாளர்களின் செல்போன்களைக் காலையிலேயே கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். வெளியிலிருந்து வரும் எந்த அழைப்பும் அவளுடைய கம்ப்யூட்டர் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

ஷிப்மெண்ட் நெருக்கடியில் மேனேஜர்தான் குறி போட்டிருப்பார் என்று நினைத்தாள். சாவுச் செய்தியைக்கூடவா தடுப்பார்கள்?

அவளுடைய அத்தா மவுத்தானபோது அவளும் வேறொரு கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தாள். ஷிஃப்ட் முடிந்த பிறகுதான் சொன்னார்கள். வீடு போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது.

"அழாதீங்கண்ணா. இதோ போடறனுங்க."

கூட்டிப் போகக் காரோடு வந்திருக்கிறேன், கம்பெனி எந்தப் பக்கம் என்று கேட்டான். வழியைச் சொன்னாள். குறியை நீக்கிவிட்டு லைன் கொடுத்தாள்.

ஆபீஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தையல் பிரிவில், சூப்பர்வைசர் மேஜையில் போன் அடித்தது. முத்துப்பேச்சி வந்து எடுத்தாள். ஒரு வார்த்தை பேசினாள். அப்புறம் அவள் உதடு அசையவே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மாவின் உயிர் போய்விட்டது போலிருக்கிறது. ஆஃப்ரினுக்குக் கண் கலங்கியது.

முத்துப்பேச்சி நேராக ஆபீசுக்குள் வந்தாள்.

"அம்மாவுக்கு எப்படிங்க இருக்குது?"

"எங்கம்மா செத்து ரெண்டு வருசமாச்சு. எனக்கு அண்ணனே கிடையாது. அது எம் புருசன். கெஞ்சிக் கெஞ்சி அந்தக் குறியைப் போடச் சொன்னதே நாந்தான்க்கா."

ஓவர்கோட் காலருக்கு மேலே, கழுத்தில் வெந்து சுருங்கிய தோல் தெரிந்தது.

"எடத்தையும் சொல்லிட்டீங்களா?"

ஆஃப்ரின் தலையசைத்தாள்.

முத்துப்பேச்சி திரும்பினாள். செல்போனை வாங்கக் கேட்டுக்குப் போகவில்லை. ஹாஸ்டலுக்குப் போய்த் துணி எடுக்கவும் இல்லை. வேஸ்ட் மூட்டை ஏற்றும் பின்வாசல் வழியாக, வெறுங்காலோடு, வெயிலில் இறங்கிப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் கேட்டிலிருந்து செக்யூரிட்டி கூப்பிட்டார். முத்துப்பேச்சியின் அண்ணன் காரோடு நிற்கிறாராம்.

"அந்தப் பேர்ல இங்க யாரும் வேலை செய்யலீங்க," என்றாள் ஆஃப்ரின்.