மேனாமினுக்கி

போன் அடித்தது.

ஐஸ் பெட்டியின் மூடிமேல் மல்லாந்து கிடந்தது அது. திரையில் 'போட்டு டிரைவர்' என்ற பெயர். அதன் கீழே ஒரு பச்சை வட்டம் துள்ளிக்கொண்டிருந்தது.

அவள் கையில் பாதி வெட்டிய சங்கரா. முழங்கை வரை செதில்.

மீனைப் பலகையில் போட்டுவிட்டுப் பச்சையைத் தள்ளினாள்.

அசையவில்லை.

மறுபடி தள்ளினாள். விரலிலிருந்து ஒழுகிய தண்ணீர்தான் கண்ணாடியில் ஓடியது. தண்ணீர் எது, விரல் எது என்று அதற்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் அதன் மூளை.

பதினாறு நாள் கழித்து வரும் அழைப்பு. படகில் எட்டுப் பேர். கரையின் சிக்னல் எட்டியதும் டிரைவரின் போன் கைமாறும். ஆளுக்கு ஒரே ஒரு தடவை. வீட்டில் எடுக்காவிட்டால் போன் அடுத்த ஆளுக்குப் போய்விடும். சார்ஜ் அவ்வளவுதான் இருக்கும்.

புருஷன் கூப்பிடுவான் என்றே அவள் நினைக்கவில்லை.

போன தடவை கரைக்கு வந்தபோது அவளுடைய பட்டன் போனைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போனான். கடையில் கொடுத்துவிட்டு, தன் பங்குப் பணத்தையும் மேலே போட்டு, இதை வாங்கி வந்தான். முதுகு மயில் கழுத்து நிறம். ஓரமெல்லாம் வழித்துவிட்டாற்போல் வளைவு. பிடிக்க ஒரு பிடி கிடையாது, அழுத்த ஒரு பட்டன் கிடையாது. பட்டனெல்லாம் இப்போது யார் வைக்கிறார்கள் என்று கடைக்காரன் சொன்னானாம். இதை வரைந்தவன் ஏசி அறையில் உட்கார்ந்து வரைந்திருப்பான். ஒரு மத்தி மீனைக்கூடக் கழுவியிருக்க மாட்டான். உலகத்தில் எல்லாருக்கும் தன்னைப்போல் உலர்ந்த கை என்று நினைத்திருப்பான்.

அன்று அவள் தெருவே கேட்கச் சிரித்தாள்.

"இந்த மேனாமினுக்கிய நீயே வெச்சிக் குடும்பம் நடத்து. இதுல கூப்ட்டா நான் எடுக்கமாட்டேன்."

அவன் சாப்பிடாமல் கடலுக்குப் போனான்.

அந்தச் சிரிப்பு பதினாறு நாளாக அவள் தொண்டையில் முள்ளாக நின்றது.

இப்போது அவன்தான் கோபம் விட்டு இறங்கி வந்திருக்கிறான்.

புடவையில் கையைத் துடைத்தாள். புடவையும் ஈரம். தள்ளினாள். போன் வழுக்கியது. பிடித்தாள். வளைந்த ஓரம் கையை விட்டு நழுவியது. முழங்கையால் தள்ளினாள். அங்கேயும் செதில்.

"புது மாடலாக்கா? செம அழகா இருக்கே" என்றாள், மீனுக்காக நின்றிருந்த பெண்.

அழகு சோறு போடுமா?

உடம்பில் உலர்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. குனிந்து மூக்கால் தள்ளினாள். வயசு நாற்பத்து மூன்று. நடுச் சந்தையில், பத்துப் பேர் பார்க்க, கண்ணாடியை மூக்கால் முட்டிக்கொண்டு நின்றாள்.

மேலே தள்ளினால் எடுக்கும். கீழே தள்ளினால் துண்டிக்கும்.

மூக்கு கீழே சறுக்கியது.

சத்தம் நின்றது.

அடித்து ஓய்ந்திருந்தால்கூடப் பரவாயில்லை. இது வெட்டிவிட்டது. வெட்டிய சத்தம் அங்கே அவன் காதில் விழுந்திருக்கும்.

அழுகை வந்தது. அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது.

அந்தப் பெண்ணின் கைக்குட்டையைக் கேட்காமலே பிடுங்கி விரல்களைத் துடைத்து, திருப்பி அழைத்தாள். லைன் பிஸி.

பக்கத்துக் கடையில் பூங்காவனத்தின் போன் அடித்தது. ரப்பர் பேண்ட் சுற்றிய பட்டன் போன். எண்களெல்லாம் தேய்ந்து போனது. பூங்காவனம் அதைப் பார்க்கக்கூட இல்லை. மீன் குடல் ஒட்டிய கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தி, தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"ஆங், சொல்லுய்யா."

அவள் புருஷனும் அதே படகுதான்.

பேசி முடித்துவிட்டு இவளைப் பார்த்தாள்.

"இன்னாக்கா, கட் பண்ணிட்டியாமே? உன் ஊட்டுக்காரு போனக் குட்த்துட்டு முன்னாடி போய் குந்திக்கினாராம். யார்கிட்டயும் பேசலியாம்."

"குடு, நான் பேசுறேன்."

"அடுத்த ஆளு வாங்கிக்கினாரு. ஒரு மணி நேரத்துல கரையப் பிடிச்சிடுவாங்களாம்."

இன்னொரு முறை அழைத்தாள். பிஸி. அதற்கப்புறம் ஸ்விட்ச் ஆஃப்.

மேனாமினுக்கி மயில் நிறத்தில் மினுக்கியபடி கிடந்தது. அதன்மேல் ஒரு கீறல்கூட விழவில்லை.

கத்தியைப் பூங்காவனத்திடம் நீட்டினாள்.

"மிச்சத்த நீ வெட்டிக் குட்த்துடு."

"எங்கக்கா போற?"

"தொறமொகத்துக்கு."

பூங்காவனம் நிமிர்ந்து பார்த்தாள். மீன்காரிகள் விடியற்காலை ஏலத்துக்கு அங்கே போவார்கள். புருஷனை அழைத்துவர யாரும் போய் நிற்பதில்லை. நின்றால் படகுக்காரர்கள் மாசக்கணக்கில் கிண்டல் செய்வார்கள்.

"சரி, கையவாவது கழுவிக்கினு போ" என்று தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தாள்.

அவள் தொடவில்லை.

ஷேர் ஆட்டோவில் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார். டிரைவர் கண்ணாடியில் பார்த்து முகத்தைச் சுளித்தான். அவள் யாரையும் சட்டை செய்யவில்லை. அவனிடம் காட்டும்வரை செதில் உதிர்ந்துவிடாதபடி இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.