கூர்முனைக் குண்டு

இடுக்கியால் எடுத்த ஈயக் குண்டைத் தட்டில் போட்டார் கால்நடை டாக்டர்.

“நாய் பொழைச்சிருச்சும்மா. ஏர் கன் குண்டுதான், ஆனா முனையைப் பாருங்க, கூரா இருக்கு. தட்டை முனையா இருந்தா தோலுக்கடியிலயே நின்னிருக்கலாம். இது சதையைத் துளைச்சுக்கிட்டு நுரையீரல் பக்கம் வரைக்கும் போயிருக்கு.”

நாயைத் தூக்கி வந்தவளின் கையெல்லாம் ரத்தம். அவளுடைய செல்போன் ஓயாமல் அடித்தது. அவள் சட்டை செய்யவில்லை.

“அந்தக் குண்டை ஒரு டப்பாவுல போட்டுக் கொடுங்க. நேரா போலீஸுக்குத்தான் போறேன்.”

“அக்கம்பக்கத்துல எதுக்கும்மா பகை?”

“இன்னைக்கு நாய். நாளைக்குத் தெருவுல விளையாடுற புள்ளை மேல பட்டா?”

டாக்டர் குண்டை ஒரு டப்பாவில் போட்டு மூடினார். “சுட்ட ஆளுக்கு உங்க நாய் மேல அப்படி என்ன கோபம்?”

“என் நாய் இல்ல, எதிர் வீட்டு நாய். குரைக்குதாம்.”

“சாட்சி இல்லாம கேஸ் நிக்காதும்மா.”

“நானே பக்கத்துல நின்னு பார்த்தேன். தடுக்கத் தடுக்கக் கேக்கல. ‘கூரா இருக்கறதால ஊசி மாதிரி லேசாத்தான் குத்தும்’னு சொல்லிக்கிட்டே சுட்டாரு.”

டாக்டருக்கு எரிச்சல் வந்தது. “சுட்டவனுக்கு மரியாதை வேறயா?”

“என்ன பண்றது டாக்டர், கட்டின புருஷனாச்சே.”

செல்போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை எடுத்தாள்.

“சாப்பாடு மேஜை மேல மூடி வெச்சிருக்கேன். சாப்பிட்டுட்டு ஸ்டேஷனுக்கு வந்துடுங்க. நான் முன்னால போறேன்.”