சண்முகத்தாய்க்கு ஒரு தனிப் பாடம்

"எம்... பேரு... சண்முகத்தாய். வயசு... எட்டு. ஊரு... ராஜ... பாளையம்."

சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பிள்ளைக்கு நெற்றி வேர்த்துவிட்டது. வலது கை மார்போடு மடங்கியே இருந்தது.

"பாத்தீங்களா சார்? அவசரப்படுத்தாம விட்டா முழுசாச் சொல்லுதா!" என்றாள் ஹாஜரா டீச்சர். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல, போன வருஷம்தான் மதுரையில் பயிற்சி முடித்துவிட்டுத் திருவில்லிபுத்தூர் வந்தவள்.

தலைமையாசிரியர் தங்கச்சாமி மேஜையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஒரு பேரைச் சொல்ல இம்புட்டு நேரம். இது எப்பம் படிச்சி, எப்பம் பாஸாகும்?"

"அது இதுங்காதீங்க சார். பொம்பளைப் பிள்ளை."

சண்முகத்தாய் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மேஜைப் பக்கம் போனாள். அவர் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அம்மா வெள்ளைத்தாய் எட்டிப் பிள்ளையைப் பிடித்தாள். "ஏட்டி, இங்க சார்னுதான் கூப்பிடணும். சொல்லித்தான கூட்டியாந்தேன்?"

"சா...ர்."

ஹாஜராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கும்பிட்டுக்கொண்டு நிற்கும் அந்த அம்மாவை இந்த மனுஷன் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லையே!

"இவளுக்குன்னு தனியா ஒரு திட்டம் போட்டிருக்கேன் சார். முதல் மூணு மாசம் எழுத்தே கிடையாது, வாயால பதில் சொன்னாப் போதும். கணக்குக்குப் புளியங்கொட்டை. பொறவு இடது கையில சாக்பீஸ். பரீட்சையில இவளுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் குடுக்கணும்."

"நாப்பது பிள்ளைக்கு ஒரு பாடம், இதுக்கு மட்டும் தனிப் பாடமா? இது பள்ளிக்கூடமா, தர்மாஸ்பத்திரியா? இன்ஸ்பெக்‌ஷன்ல மானம் போயிரும்."

"நீங்க கண்ணாடி போட்டுத்தான் படிக்கீங்க. அதுல எந்த மானம் போச்சு?"

தங்கச்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த மாதிரிப் பிள்ளைய வீட்டுல வச்சிச் சோறு போட்டுப் பாத்துக்கிடணும். நாலு பேரு பாக்க நடத்திக் கூட்டியாரக் கூடாது."

வெள்ளைத்தாயின் முகம் சிவந்தது. "எட்டு வருசமா வீட்டுலதான் வச்சிருந்தோம் டீச்சர். வாசல்ல ஆளு வந்தா ரூமுக்குள்ள தள்ளிக் கதவைச் சாத்துனோம். இவளும் மனுசிதான?"

"அப்பிடிக் கேளுங்கம்மா!" என்றாள் ஹாஜரா. "இவ அப்பா ஒண்ணும் சொல்லலையா?"

"வாயத் தொறக்க மாட்டாவ. கேட்டுக் கேட்டு எனக்குத்தான் வாய் வலிச்சிப் போச்சு. தனிப் பாடம் அது இதுன்னு ஒரு டீச்சர் உயிரை வாங்குதாவன்னு வீட்டுல பேச்சு அடிபட்டுச்சு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், அந்த டீச்சரைப் பாத்திரணும்னு."

ஹாஜராவுக்குச் சிரிப்பு வந்தது. "நம்ம புகழ் ராஜபாளையம் வரைக்கும் போயிருச்சா? சரி, தினமும் பஸ்ஸுல கூட்டிட்டு வரணுமே, முடியுமா?"

"அதுக்கு ஆளு இருக்கு டீச்சர்."

தங்கச்சாமிக்கு இருமல் வந்தது. "ஹாஜரா, இந்தச் சேர்க்கைக்கு நான் சம்மதிக்கல. அவங்களை அனுப்பிட்டு வாங்க."

"அனுப்ப மாட்டேன் சார். நீங்க சேக்கலைன்னா, எதுக்காகச் சேக்கலைன்னு காரணத்தை எழுதிக் குடுங்க. மேல யாரைப் பாக்கணுமோ, இந்தப் பிள்ளைய இடுப்புல தூக்கிட்டு நானே போய்ப் பாக்கேன்!"

தங்கச்சாமி பேனா மூடியைத் திறந்தார், மூடினார். காரணம் ஒன்றும் எழுதவில்லை.

ஹாஜரா சேர்க்கை நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். பிள்ளையின் பெயர், வயது, ஊர் எல்லாம் எழுதினாள்.

"அப்பா பேரு சொல்லுங்கம்மா."

வெள்ளைத்தாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஹாஜராவுக்குப் புரிந்தது. புருஷன் பேரை வாயால் சொல்லாத பெண்களை அவள் தினம் பார்க்கிறாள். "வெக்கப்படாதீங்க. சாமி பேரா, ஊரு பேரா, ஒரு குறிப்புக் குடுங்க. நான் கண்டுபிடிச்சி எழுதிக்கிடுதேன்."

"குறிப்பு எதுக்கு டீச்சர்?" வெள்ளைத்தாய் தலைப்பை எடுத்துவிட்டு, முதல் தடவையாகத் தங்கச்சாமியை நேருக்கு நேராகப் பார்த்தாள். "இந்தா, எதிர்க்கதான உக்காந்திருக்காவ. அவிய பேரை அவியகிட்டயே கேட்டு எழுதிக்கோங்க."