எந்தச் சுருதியில்

அவன் மடிக்கணினித் திரையில் இருந்த ஸ்லைடரை வலப்பக்கக் கடைசிவரை இழுத்தான்.

கீச்சென்ற சத்தம் அறையைக் கிழித்தது. எதிர்வீட்டு நாய் குரைத்தது.

குழந்தை திரும்பவில்லை.

மெத்தை விரிக்காத மரக்கட்டிலில், அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள் இனியா. கையில் ஒரு கரண்டி. அவளுக்குக் காது கேட்காது என்று காலையில்தான் டாக்டர் சொல்லியிருந்தார். உங்க மெஷினுக்குத்தான் கோளாறு என்று அவரிடமே சண்டை போட்டுவிட்டு வந்திருந்தான்.

வந்ததும் வராததுமாக மடிக்கணினியைத் திறந்தான். பைத்தான் நிரல்மொழியில் சில வரிகள். சுருதி, சத்தம் என்று இரண்டு எண்களை வாங்கிக்கொண்டு ஓர் ஒலியைத் திருப்பித் தரும் ஃபங்ஷன். எண்ணுக்கு ஒன்றாக இரண்டு ஸ்லைடர். பெரிய ஸ்பீக்கரைக் கட்டிலிலேயே, அவளுக்குப் பின்னால் வைத்தான்.

ஏதோ ஒரு சுருதியாவது கேட்காமலா போகும்? அது எதுவென்று தெரிந்தால் போதும். ஆயுளுக்கும் அந்தச் சுருதியிலேயே பேசிவிட்டுப் போவான்.

சுருதியை இறக்கினான். விசில். பிறகு யாரோ முனகுவது போல. பிறகு லாரியின் உறுமல்.

சத்தத்தை ஏற்றினான்.

இனியா சட்டென்று திரும்பினாள்.

கண்கள் விரிய ஸ்பீக்கரையே பார்த்தாள்.

அவன் அழுதுவிட்டான். வெட்கமில்லாமல், வாய்விட்டு. டாக்டரை ஒரு கெட்ட வார்த்தையில் திட்டினான். மனைவியைக் கத்திக் கூப்பிட்டான்.

சுகன்யா ஈரக்கையோடு ஓடிவந்தாள். ஒலியை நிறுத்தி, குழந்தை கரண்டிக்குத் திரும்பும்வரை காத்திருந்து, மறுபடி இழுத்துக் காட்டினான். குழந்தை மறுபடி திரும்பினாள்.

சுகன்யா சிரிக்கவில்லை. கட்டில் பலகையில் உள்ளங்கையை வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

பிறகு ஸ்பீக்கரைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இனியா மீண்டும் முதுகு காட்டும்வரை பொறுத்திருந்தாள்.

“இப்ப இழுங்க.”

இழுத்தான். அதே சுருதி. ஜன்னல் கண்ணாடி கடகடத்தது.

இனியா கரண்டியைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

இன்னும் இழுத்தான். அதற்கு மேல் ஸ்லைடரில் இடமில்லை.

சுகன்யாவின் முகத்தை அவன் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஒலியை நிறுத்தினான். மடிக்கணினியை மூடினான்.

குனிந்து, விரலை மடக்கி, கட்டில் பலகையில் தட்டினான். கதவைத் தட்டுகிற மாதிரி.

மகள் திரும்பி, அவனைப் பார்த்துச் சிரித்தாள்.